பயோமெட்டீரியல் டெஸ்டிங்: குமரி மாவட்டத்துல இருந்து அடிக்கடி வர்ற கேள்விகள்

இறால் தோட்டுல இருந்து எடுக்குற கைட்டோசான்ங்கிற பொருள், மீன் முள்ளுல எலும்புக்கு வைக்கிற பவுடர், ரப்பர் பால்ல காயத்துக்கு ஒட்டுற ஃபிலிம்னு நம்ம மாவட்டத்து காலேஜ்கள்ல வருஷா வருஷம் ப்ராஜெக்ட் வந்துக்கிட்டேதான் இருக்கு. பொருளைச் செய்யுறது வரைக்கும் பிள்ளைங்க நல்லா போறாங்க, அதுக்கப்புறம் எங்க கொண்டு போய் டெஸ்ட் பண்ண, எதை முதல்ல பண்ணன்னு தெரியாம நிக்காங்க. திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை இங்க போட்டிருக்கேன், உங்களுக்கு வேண்டியதை மட்டும் படிச்சா போதும்.

வாழைநார் தட்டு, தென்னைநார் போர்டு செய்யுறோம், எங்களுக்கும் இந்த டெஸ்ட் எல்லாம் வேணுமா?

வேண்டாம். உடம்புக்குள்ள வைக்கிற, இல்ல தோல், ரத்தம், காயம்னு உடம்போட நேரா தொடர்புக்கு வர்ற பொருளைத்தான் பயோமெட்டீரியல்னு சொல்லுறோம், அதுக்குத்தான் இந்த டெஸ்ட். மூட்டுல வைக்கிற டைட்டானியம் இதுல வரும், வாழைநார்ல செஞ்ச தட்டு வராது. உங்களுக்கு வேண்டியது பலம், தண்ணி உறிஞ்சுறது, தீப்பிடிக்குறது மாதிரி காம்போசிட் டெஸ்ட், அதுக்கு மெக்கானிக்கல் லேப் போதும்.

கேரக்டரைசேஷனும் பயாலஜிக்கல் டெஸ்டிங்கும் ஒண்ணுதானே?

இல்ல, இந்தக் குழப்பத்துலதான் பாதி பேரோட காசு போகுது. கேரக்டரைசேஷன்னா பொருள் என்ன, உள்ள என்ன இருக்கு, மேல்பரப்பு எப்படி, எவ்வளவு இழுத்தா அறும், எந்தச் சூட்டுல கெடும்னு பாக்குறது. எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பு பாக்க), எஃப்டிஐஆர் (வேதிப் பிணைப்பு பாக்க), எஸ்இஎம் (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம்), டிஜிஏ (சூடாக்கும்போது எடை குறையுறதைப் பாக்க) எல்லாம் இதுல வரும். பயாலஜிக்கல் டெஸ்டிங்னா அந்தப் பொருள் செல்லை, ரத்தத்தை, தோலை என்ன பண்ணுதுன்னு பாக்குறது, அதுக்கு ஐஎஸ்ஓ 10993னு சர்வதேச தர விதிகள்ல ஒரு பெரிய வரிசையே இருக்கு. அதுல 5ஆம் பாகம் செல்லுக்கு விஷமான்னு பாக்க, 4 ரத்தத்துக்கு, 6 உடம்புக்குள்ள வச்சா சுத்தி என்ன ஆகுதுன்னு பாக்க, 10 அலர்ஜிக்கு, 11 உடம்பு முழுக்க பரவுற விஷத்துக்கு, 12 சாம்பிளை எப்படித் தயார் பண்ணணும்ங்கிறதுக்கு. எல்லாரும் 5ஐ படிக்காங்க, 12ஐ யாரும் திறந்துகூட பாக்குறதில்ல, ஆனா ரிசல்ட் கெட்டுப் போறது பெரும்பாலும் 12லதான்.

நாகர்கோவில்ல இருந்து எங்கல்லாம் போகலாம்?

முதல்ல உங்க காலேஜ்லயும் பக்கத்து காலேஜ்லயும் கேளுங்க. யுவி (கரைசல் ஒளியை எவ்வளவு உறிஞ்சுதுன்னு அளக்குறது), எஃப்டிஐஆர் மாதிரி அடிப்படை மிஷின் மாவட்டத்துக்குள்ளயே எங்கயாவது கெடைக்கும், அதுக்குன்னு சென்னை வரை போவாண்டாம். கடல் சார்ந்த மூலப்பொருள்னா ராஜாக்கமங்கலத்துல மனோன்மணியம் சுந்தரனார் யுனிவர்சிட்டியோட கடல்சார் அறிவியல் தொழில்நுட்ப மையம் இருக்கு, யுனிவர்சிட்டி மெயின் கேம்பஸ் திருநெல்வேலி அபிஷேகப்பட்டில.

அடுத்தது திருவனந்தபுரம், நமக்கு இது பெரிய அதிர்ஷ்டமாக்கும், ஏன்னா பயோமெட்டீரியலுக்கு நாட்டுலயே முக்கியமான இடம் களியக்காவிளை தாண்டினா வந்துரும். ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிட்யூட்டோட பயோமெடிக்கல் டெக்னாலஜி விங் பூஜப்புரைல சாட்டல்மண்ட் அரண்மனைல இருக்கு (ஆஸ்பத்திரி இருக்குற மெடிக்கல் காலேஜ் பக்கம் போய் நிக்காதீங்க, அது வேற கேம்பஸ்). 1990 டிசம்பர்ல முதல்முதலா நோயாளிக்கு வச்ச சித்திரா இதய வால்வு இங்க உருவானதுதான். அந்த வால்வுக்காகத் தேவைப்பட்ட சோதனை எல்லாத்தையும் தாங்களே கட்டி எழுப்பினதுல வந்த அனுபவம், இப்ப வெளியாளுங்களுக்கும் கட்டணத்துக்கு பண்ணிக் குடுக்காங்க.

பாப்பனங்கோட்டுல மத்திய அரசு ஆராய்ச்சி நிலையமான சிஎஸ்ஐஆர் நிஸ்ட் இருக்கு, நாகர்கோவில் பஸ்ல போனா தம்பானூருக்கு முன்னாடியே இறங்கிக்கிடலாம். காரியவட்டத்துல கேரளா யுனிவர்சிட்டியோட பொது கருவி மையம் இருக்கு, கிளிஃப்னு சொல்லுவாங்க. அதுக்கு மேல வேணும்னா கொச்சி குசாட் யுனிவர்சிட்டில ஸ்டிக்ங்கிற கருவி மையம், காரைக்குடில செக்ரிங்கிற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், ஐஐடி மெட்ராஸ்ல சைஃப்ங்கிற கருவி மையம். தோல், கொலாஜன் சம்பந்தப்பட்ட வேலைன்னா அடையாறுல உள்ள தோல் ஆராய்ச்சி நிலையம் சிஎல்ஆர்ஐதான். எந்த மிஷின் எங்க இருக்குன்னு தேட ஐ-ஸ்டெம்னு மத்திய அரசு போர்ட்டல் 2020 ஜனவரில தொடங்கினாங்க, அதுல பேரைப் போட்டுத் தேடி புக் பண்ணலாம். ஆனா போறதுக்கு முன்ன ஒரு ஃபோன் போட்டு மிஷின் ஓடுதான்னு கேட்டுக்கிடுங்க, லிஸ்ட்ல இருக்குற மிஷின் எல்லாம் எப்பவும் ஓடிட்டு இருக்காது.

எந்த டெஸ்ட்டை முதல்ல பண்ணணும்?

விலை கம்மியானது, சீக்கிரம் முடியுறது, தோத்தா எல்லாமே வீண்ங்கிறது எதுவோ அதை. கடைசில எஸ்இஎம் படம் அழகா இருக்கும்னு முதல்லயே அதுக்கு ஓடுறாங்க, அது தப்பு. என் வரிசை இப்படி: மொதல்ல எஃப்டிஐஆர், எக்ஸ்ஆர்டி போட்டு நீங்க நினைச்ச பொருள்தான் வந்திருக்கான்னு உறுதி பண்ணுங்க, பிறகு பிஎச் 7.4 இருக்குற பஃபர்ல 37 டிகிரில போட்டு எவ்வளவு ஊதுது, எவ்வளவு கரையுதுன்னு உங்க லேப்லயே பாருங்க, இதுக்கு தராசும் இன்குபேட்டரும் போதும். ஒரே நாள்ல கரைஞ்சு போற ஃபிலிமுக்கு செல் டெஸ்ட் எதுக்கு? அது தாக்குப்பிடிச்சாத்தான் பலம், அதுக்கப்புறம் செல், அதுக்கும் அப்புறம் ரத்தம். விலங்கு கடைசில, அதுவும் வேணும்னா மட்டும்.

மீன் முள்ளை சுட்டு ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்புல இருக்குற மாதிரி கால்சியம் பாஸ்பேட்) எடுத்தோம், எக்ஸ்ஆர்டி பீக் எல்லாம் மேட்ச் ஆயிடுச்சு, போதும்ல?

போதாது. முதல் விஷயம், முள்ளை அதிகச் சூட்டுல சுட்டா அபடைட் கூடவே பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட்ங்கிற வேற வகை கால்சியம் பாஸ்பேட்டும் வரலாம், அது சில மீன்ல கூட வரும், சிலதுல வராது. அது கெட்டது இல்ல, எலும்பு வேலைக்கு ரெண்டும் கலந்ததையே வேணும்னு செய்யுறவங்க உண்டு, ஆனா உங்ககிட்ட எது எவ்வளவு இருக்குன்னு சொல்லத் தெரியணும். சூடு பத்தலைன்னா பவுடர் சாம்பல் நிறத்துல இருக்கும், உள்ள கரி மிச்சம் இருக்குன்னு அர்த்தம்.

ரெண்டாவது, கால்சியம் பாஸ்பரஸ் விகிதம். சரியான அபடைட்டுக்கு 1.67. இதை எஸ்இஎம்ல இருக்குற ஈடிஎஸ் (எக்ஸ்ரே மூலமா எந்தத் தனிமம் எவ்வளவுன்னு பாக்குற கருவி) வச்சு எடுத்து பேப்பர்ல போடுறாங்க, அதுல ஒரு கண்ணி இருக்கு: சாம்பிள் மேல தங்கம் பூசித்தான் எஸ்இஎம்ல வைப்பாங்க, தங்கத்தோட எக்ஸ்ரே கோடு 2.12 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பக்கம் விழும், பாஸ்பரஸோடது 2.01. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிடும், விகிதம் தாறுமாறா வரும். பிளாட்டினம் பூசினா இன்னும் மோசம். அதனால ஈடிஎஸ் வேணும்னா கார்பன் பூசித் தாங்கன்னு முன்கூட்டியே சொல்லிருங்க. நம்புற மாதிரி நம்பர் வேணும்னா ஆசிட்ல கரைச்சு ஐசிபில (கரைசல்ல எந்தத் தனிமம் எவ்வளவுன்னு அளக்குற மிஷின்) போடுங்க.

அந்த ஐசிபி எப்படியும் வேணும், ஏன்னா கடல்ல இருந்து வந்த பொருளாச்சே, ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்செனிக் பாக்கணும். இம்பிளான்ட்டுக்கான அபடைட்டுக்கு அமெரிக்க ஏஎஸ்டிஎம் எஃப்1185 விதில மொத்த கன உலோகம் 50 பிபிஎம்முக்கு மேல போகக்கூடாது, ஈயம் மட்டும்னா 30. இதைப் பாக்காம "பயோகம்பாட்டிபிள்"னு எழுதுறதை நான் ஒத்துக்கிட மாட்டேன். சிப்பித் தோடு, கணவாய் ஓடு எடுத்து வேலை பாக்குறவங்களுக்கும் இதேதான், அது ரெண்டும் கால்சியம் கார்பனேட், பாஸ்பேட்டா மாத்தின பிறகு கார்பனேட் மிச்சம் இருக்கான்னு எஃப்டிஐஆர்ல 875, 1415, 1455 அலைஎண் பக்கம் பாருங்க. முள்ளுலயும் கார்பனேட் இருக்கும், நம்ம எலும்புலயே இருக்கு, அதனால பீக் வந்ததும் பதறாண்டாம்.

எஸ்பிஎஃப் கரைசல்ல போட்டோம், மேல அபடைட் படிஞ்சது. எலும்போட ஒட்டும்னு எழுதலாமா?

ரத்தத் திரவத்துல இருக்குற அயனிகளை கிட்டத்தட்ட அதே அளவுல கலந்து ஜப்பான் விஞ்ஞானி கொகுபோ 1990ல முன்வச்ச முறை இது, 36.5 டிகிரி, பிஎச் 7.40, ஐஎஸ்ஓ 23317ல விதி இருக்கு. படிஞ்சா நல்ல அறிகுறி, அவ்வளவுதான். பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் இந்தக் கரைசல்ல மேல அபடைட் சரியா படியாமலே எலும்போட ஒட்டும், அதனால இதை வச்சு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ அடிச்சுச் சொல்லாதீங்க.

எங்க கைட்டோசான் ஃபிலிம் செல் டெஸ்ட்ல ஃபெயில், ஆனா கைட்டோசான் பாதுகாப்பானதுன்னுதானே எல்லாரும் சொல்லுதாங்க?

அநேகமா அசெட்டிக் ஆசிட். ஆசிட்ல கரைச்சு ஊத்தி காய வச்ச ஃபிலிம்ல ஆசிட் மிச்சம் கெடக்கும், செல் வளர்ற மீடியத்துல போட்டதும் பிஎச் எறங்கும், செல் சாகும், பழி கைட்டோசான் மேல. நேர்த்த சோடியம் ஹைட்ராக்சைடுல நனைச்சு, கழுவின தண்ணி நடுநிலைக்கு வர்ற வரைக்கும் கழுவுங்க. மீடியத்துல ஃபீனால் ரெட்ங்கிற சாயம் இருந்தா நிறம் மஞ்சளாகுதான்னு கண்ணாலயே பாக்கலாம்.

கூடவே அசிட்டைல் நீக்க அளவு (தோட்டுல உள்ள கைட்டின்ல இருந்து அசிட்டைல் எவ்வளவு நீக்கியிருக்குங்கிறது) எவ்வளவுன்னு சொல்லாம கைட்டோசான்னு பேசவே முடியாது. எஃப்டிஐஆர்ல தோராயமா வரும், புரோட்டான் என்எம்ஆர்தான் நம்பகமானது. சாம்பல் அளவு, மிச்ச புரோட்டீன் ரெண்டும் பாருங்க, இறால் அலர்ஜி உள்ளவங்க நம்ம ஊர்ல கொஞ்சம் பேர் இல்ல. பிறகு எண்டோடாக்ஸின், அதாவது பாக்டீரியாவோட வெளிச்சுவர்ல இருக்குற விஷம்: ஹார்பர்ல குமிஞ்சு கெடந்த தோட்டுல பாக்டீரியா எவ்வளவு ஏறியிருக்கும்னு யோசிச்சுக்கிடுங்க, பாக்டீரியாவைக் கொன்னாலும் அதோட எண்டோடாக்ஸின் போகாது. ரத்தத்தோட தொடர்புக்கு வர்ற டிவைஸ் ஒண்ணுக்கு 20 யூனிட்னு அமெரிக்க மருந்து விதில வரம்பு இருக்கு. தோடு கெடைச்ச அன்னைக்கே கழுவி ஐஸ்ல வச்சு கொண்டு வந்தா பாதித் தொல்லை கம்மி.

எம்டிடி டெஸ்ட்ல 130 சதவீதம் உயிர்ப்பு வந்திருக்கு, மருந்துவாழ்மலை மூலிகைச் சாறு சேர்த்ததால செல் நல்லா வளருதுன்னு எழுதலாமா?

அவசரப்படாதீங்க மக்கா. எம்டிடிங்கிற மஞ்சள் சாயத்தை உயிரோட இருக்குற செல் ஊதா நிற ஃபார்மசானா மாத்தும், அந்த ஊதாவை 570 நானோமீட்டர் பக்கம் அளக்குறோம். ஆனா மூலிகைச் சாறுல இருக்குற பாலிஃபீனால் மாதிரி சமாச்சாரங்க செல்லே இல்லாம நேரடியா அந்தச் சாயத்தை ஊதாவாக்கும். அப்ப செல் செத்துக் கெடந்தாலும் நம்பர் ஏறும். செல் போடாம சாறும் எம்டிடியும் மட்டும் ஒரு கிணறுல (செல் வளர்க்குற தட்டுல உள்ள சின்னக் குழி) வச்சுப் பாருங்க, அங்கயும் ஊதா வந்தா உங்க 130ஐ நம்பாண்டாம். வேற முறைல, உயிர் செல் பச்சை செத்த செல் சிவப்புன்னு சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பாருங்க, இல்ல டிஎன்ஏ அளவு எடுங்க. நம்ம பக்கத்துல மூலிகை சேர்க்காத ப்ராஜெக்டே அபூர்வம், அதனால இந்தக் கட்டுப்பாட்டுக் கிணறு இல்லாத ரிசல்ட்டை கைடுங்களும் திருப்பி அனுப்பணும்னு என் கருத்து.

பொதுவா விதி என்னன்னா, எல்929ங்கிற எலி ஃபைப்ரோபிளாஸ்ட் செல்தான் வழக்கம், சாதாரண செல்லோட ஒப்பிட்டு உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழ போனா விஷத்தன்மை இருக்குன்னு கணக்கு. சாம்பிளை நேரா வைக்காம ஊறல் எடுத்துப் போடுறதுன்னா, அரை மில்லிமீட்டருக்குக் கம்மியான ஃபிலிமுக்கு ஒரு மில்லிக்கு 6 சதுர சென்டிமீட்டர், அரைல இருந்து ஒரு மில்லிமீட்டர் வரை தடிமனுக்கு 3, ஒழுங்கில்லாத துண்டுக்கு 0.2 கிராம், துளை உள்ள ஸ்காஃபோல்டுக்கு (செல் ஒட்டி வளர வைக்கிற சட்டகம்) 0.1 கிராம். ஸ்பான்ஜ் மாதிரி சாம்பிள் மீடியத்தையே குடிச்சிரும், அது குடிக்கிற அளவைத் தனியா சேர்த்து ஊத்தணும், இல்லைன்னா ஊறல்னு எடுக்க ஒண்ணும் இருக்காது.

ரப்பர் பால்ல செஞ்ச ஃபிலிம் செல்லைக் கொல்லுதே, ஏன்?

பெரும்பாலும் ரப்பர் இல்ல, அதைப் பதப்படுத்தச் சேர்த்த ஆக்சிலரேட்டர். டைதயோகார்பமேட் வகை செல்லுக்குக் கடும் விஷம், எந்த அளவுக்குன்னா அது சேர்த்த பாலியூரித்தேன் ஃபிலிமைத்தான் இந்த டெஸ்ட்ல "நிச்சயம் கொல்லும்" கன்ட்ரோலா வைப்பாங்க, கொல்லாத கன்ட்ரோலுக்கு அடர்த்தியான பாலித்தீன். கொதிதண்ணில நல்லா ஊற வச்சு கழுவினா ஓரளவு குறையும். புரோட்டீன் அலர்ஜி தனி விஷயம், அதுக்கு ஏஎஸ்டிஎம் டி5712 முறைல வெளிய வர்ற புரோட்டீனை அளந்துருங்க.

ரத்தம் சிதையுதான்னு பாக்குறதை எங்க லேப்லயே பண்ணலாமா?

பண்ணலாம், சென்ட்ரிஃப்யூஜும் யுவியும் போதும். ஆனா மனுஷ ரத்தம்னா எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கணும், கூடப் படிக்கிற பையன் கைல இருந்து அஞ்சு மில்லி எடுக்குறதுக்கும் அனுமதி வேணும்தான். 2 சதவீதத்துக்குக் கீழ சிதையலை, 2ல இருந்து 5 லேசா, அதுக்கு மேல சிதையுதுன்னு ஏஎஸ்டிஎம் எஃப்756 கணக்கு.

எங்க காலேஜ் யுடிஎம்ல (இழுத்துப் பலம் பாக்குற மிஷின்) ஃபிலிமைப் போட்டா ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது.

காட்டாது. அது கம்பியையும் கான்கிரீட்டையும் உடைக்க வச்சிருக்குற 40 டன் மிஷின், உங்க ஃபிலிம் சில நியூட்டன்ல அறுந்துரும், தங்க நகையை லாரி எடைமேடைல நிறுத்துற கதைதான். சின்ன லோட் செல் (விசையை அளக்குற பாகம்) உள்ள மிஷின் கேளுங்க, ஃபிலிமுக்கு ஏஎஸ்டிஎம் டி882. முக்கியமா, ஈரமா வச்சு இழுங்க. காய்ஞ்ச கைட்டோசான் ஃபிலிம் நல்ல கெட்டியா நிக்கும், 37 டிகிரி பஃபர்ல ஊறின பிறகு அதுதானா இதுன்னு ஆயிடும், காயத்துல அது ஈரமாத்தான் இருக்கப் போகுது.

எஸ்இஎம்ல துளை அருமையா தெரியுது, துளை அளவு எழுதலாம்ல?

ஹைட்ரோஜெல்லை (தண்ணி நிறைஞ்ச ஜெல்) உறைய வச்சு லையோஃபிலைஸ் பண்ணினீங்கன்னா, அதாவது ஐஸை அப்படியே ஆவியாக்கிக் காய வச்சீங்கன்னா, நீங்க பாக்குறதுல நிறைய ஐஸ் படிகம் இருந்த இடம்தான். மெதுவா உறைஞ்சா பெருசு, வேகமா உறைஞ்சா சின்னது. அதனால எந்த வெப்பநிலைல எவ்வளவு நேரம் உறைய வச்சீங்கன்னு சேர்த்தே எழுதுங்க. ஓவன்ல காய வச்சா துளை அப்படியே சுருங்கிப் போகும். துளை ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சிருக்கான்னு தெரிய மைக்ரோ சிடிதான் நல்லது.

ஸ்டெரிலைஸ் பண்ண ஆட்டோகிளேவ் போட்டுரலாமா?

செராமிக், டைட்டானியம்னா போடுங்க. பிஎல்ஏங்கிற பிளாஸ்டிக் 60 டிகிரி பக்கமே இளகும், 121ல போட்டா வடிவமே போயிரும். காமா கதிர் வழக்கமா 25 கிலோகிரே குடுப்பாங்க, கைட்டோசான், பிஎல்ஏ ரெண்டுலயும் சங்கிலி அறுந்து பலம் குறையும். எத்திலீன் ஆக்சைடு போட்டா மிச்ச வாயு போற வரைக்கும் காத்தோட்டத்துல வைக்கணும், அதுக்கு 10993ல 7ஆம் பாகம். எந்த முறையா இருந்தாலும் ஸ்டெரிலைஸ் பண்ணின பிறகு இருக்குற சாம்பிளைத்தான் டெஸ்ட் பண்ணணும், முன்ன உள்ளதை இல்ல.

எலி, முயல்ல பண்ணாம முடியாதா?

எம்எஸ்சி ப்ராஜெக்டுக்கு அது தேவையே இல்ல. தோல் எரிச்சலுக்கு 2021ல வந்த 10993ன் 23ஆம் பாகத்துல, ஆய்வகத்துல வளர்த்த மனுஷத் தோல் மாதிரில பாக்குற முறை வந்தாச்சு. இம்பிளான்ட்னா தவிர்க்க முடியாது, அப்ப நிறுவன விலங்கு எத்திக்ஸ் கமிட்டி அனுமதி முன்னாடியே வேணும், பண்ணின பிறகு வாங்க முடியாது.

கம்பெனி தொடங்கப் போறோம். காலேஜ் ரிப்போர்ட்டை லைசென்ஸுக்கு குடுக்கலாமா?

குடுத்தா நிக்காது. மெடிக்கல் டிவைஸ் விதிகள் 2017, அது 2018 ஜனவரி 1ல இருந்து நடைமுறைல இருக்கு, டிவைஸை ஏ, பி, சி, டின்னு ஆபத்துக்குத் தகுந்த மாதிரி பிரிப்பாங்க, டி தான் ஆபத்து கூடினது. டிவைஸ் தயாரிக்கிறவங்களுக்காக டெஸ்ட் பண்ணுற லேபுக்கு எம்டி-40ங்கிற பதிவுச் சான்று உண்டு, அது இருக்கான்னு முதல்ல கேளுங்க. என்ஏபிஎல் (லேபுகளோட தரத்தைப் பாத்து அங்கீகரிக்கிற அமைப்பு) அங்கீகாரம் இருக்குன்னு போர்டு வச்சிருந்தாலும் உங்களுக்கு வேண்டிய அந்த ஒரு டெஸ்ட் அவங்க ஸ்கோப்ல இருக்கான்னு பாத்துக்கிடுங்க, தண்ணி டெஸ்ட்டுக்கு அங்கீகாரம் வாங்கின லேப் செல் டெஸ்ட் ரிப்போர்ட்ல அதே முத்திரையைப் போட முடியாது. படிக்கிறவங்களுக்கு இதெல்லாம் வேண்டாம், ஆராய்ச்சிக்குச் சாதாரண லேபே போதும், காசு மிச்சம்.

மணவாளக்குறிச்சி மண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

கேட்டவங்க சும்மா கேட்டாங்க, ஆனா இருக்கு. மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல் அங்க கடற்கரை மண்ல இருந்து பிரிக்கிற இல்மனைட்ல டைட்டானியம் இருக்கு, ஜிர்கான்ல ஜிர்கோனியம், பல் டாக்டர் போடுற வெள்ளை ஜிர்கோனியா கேப் அந்தத் தனிமத்தோட ஆக்சைடுதான். மண்ணை அள்ளிட்டு வந்து ப்ராஜெக்ட் பண்ணலாம்னு கிளம்பாதீங்க, அந்த மண்ல உள்ள மோனசைட்ல தோரியம் இருக்கு, அது அணுசக்தித் துறை கட்டுப்பாடு.

மழைக்காலத்துல சாம்பிள் கொண்டு போறது எப்படி?

நமக்கு ஜூன்லயும் மழை, அக்டோபர்லயும் மழை, காத்துல எப்பவும் ஈரம். கைட்டோசானும் கொலாஜனும் ஈரத்தை இழுக்கும், டிஜிஏல 100 டிகிரிக்குள்ள விழுற எடை அந்த ஈரம்தான், அதை மெட்டீரியல் சிதையுதுன்னு எழுதினவங்க உண்டு. சிலிக்கா ஜெல் போட்ட காத்துப் புகாத டப்பால வைங்க, ஜெல் நிறம் மாறினா மாத்துங்க. ஒரே சாம்பிளை மூணா பிரிச்சு ஒண்ணை வீட்டுலயே வச்சுக்கிடுங்க, வழியில தொலைஞ்சா திரும்பச் செய்யாண்டாம், திரும்பச் செஞ்சா அதே மாதிரி வரும்னு சொல்லவும் முடியாது.

லேப் ஃபார்ம்ல என்ன எழுதணும்?

"எக்ஸ்ஆர்டி எடுத்துத் தரவும்"னு மட்டும் எழுதினா அவங்களுக்குத் தோணுன வேகத்துல ஓட்டித் தருவாங்க. எந்தக் கோணத்துல இருந்து எது வரை, எவ்வளவு மெதுவா, டிஜிஏன்னா நைட்ரஜன்லயா காத்துலயா, எவ்வளவு சூடு வரை, எஸ்இஎம்னா என்ன பூச்சு, எத்தனை பெருக்கம்னு எழுதுங்க. சாம்பிள்ல ஆவியாகுறது, விஷமானது, உயிர்க்கிருமி ஏதாவது இருந்தா மறைக்காம எழுதணும். டப்பா மேல தேதியும் பேட்ச் நம்பரும் எழுதுங்க, மார்க்கர் பேனால எழுதினது எத்தனால் பட்டா அழிஞ்சுரும், கவனமா இருங்க. ரிசல்ட் வரும்போது படத்தை மட்டும் வாங்கிட்டு வராம ரா டேட்டா ஃபைலையும் பென்டிரைவ்ல கேட்டு வாங்கிக்கிடுங்க, பல லேப்ல பழைய ஃபைலை அழிச்சுருவாங்க.